பெட்டியில் கட்டிய நூல்

மாமா,

இன்று காலை கராஜில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. டயர் வாசனை, துணி சோப்பு வாசனை, மௌரி அவென்யூ கடையில் வாங்கி அடுக்கிய அரிசி மூட்டை வாசனை, இவையெல்லாம் எங்கள் கராஜில் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. எதையும் சும்மா விடுகிற ஆளா நான்? மோப்பம் பிடித்துக்கொண்டே போனேன். உங்கள் காரியம் முடிந்து உங்கள் மகன் மதுரையிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டி, மூன்று மாதமாகப் பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது. அதற்குள் உங்கள் இரண்டு சங்கிலிகளும் இருந்தன. துருப்பிடிக்கக் கூடாதென்று நீங்கள் மாதம் தவறாமல் எண்ணெய் தடவி வைத்திருந்த அதே சங்கிலிகள். அவற்றுக்கு அடியில் ஒரு நீல அட்டைக் குறிப்பேடு.

சங்கிலியைப் பார்த்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டாக உட்கார்ந்து, முன்னால் போகிற அத்தனை பெட்டிகளையும் முப்பத்தைந்து வருடம் சந்தேகப்பட்டவர் நீங்கள். நானோ சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கும் என்று சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம். உங்கள் மகனும் பேத்தியும் ஊரையே நம்புகிறவர்கள். அதனால்தானோ என்னவோ, நீங்கள் அமெரிக்காவில் எங்களோடு வந்து இருந்த அந்த ஆறு மாதமும் நம் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற ஆட்கள் அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தான்.

நீங்கள் ஊருக்குத் திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போதுதான் அந்தப் பயணம் கிளம்பியது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஆர்.வி. ஒன்றை உங்கள் மகன் வாடகைக்கு எடுத்துவந்தார். லிவர்மோர் கோயிலில் நிறுத்தி அர்ச்சனை செய்து, வாடகை வண்டியின் சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, சியரா மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். ஒரு பக்கம் பனி தலையில் இருக்கிற மலை, மறுபக்கம் முள்செடி மண்டிய பொட்டல். தார் ரோட்டை விட்டு மண் பாதையில் இறங்கி, முதல் முகாமில் வண்டி நின்றதும் நீங்கள் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"காசு வாங்க யாரும் வரலையே அம்மாடி?"

"இது கவர்ன்மென்ட் லேண்ட் மாமா. யார் வேணா வந்து ரெண்டு வாரம் வரைக்கும் ஃப்ரீயா கேம்ப் பண்ணலாம்."

"வாட்ச்மேனு?"

"கிடையாது."

"கேட்டு, வேலி?"

"அதுவும் இல்ல."

"அப்ப எது போனாலும் கேக்க நாதியில்லைன்னு சொல்லு."

உடனே சங்கிலிகள் வெளியே வந்தன. சின்னச் சங்கிலியால் உங்கள் பழுப்புச் சூட்கேஸை உள்ளே கட்டில் காலோடு பிணைத்துப் பூட்டினீர்கள். ரயிலில் நாம் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த வண்டியில் நம்மைத் தவிர யாருமே இல்லை. பெரிய சங்கிலி வண்டிக்கு. முகாம் விதிகள் எழுதிய பலகையின் இரும்புத் தூணையும், வண்டியின் பின்பக்கம் இருந்த ஏணியையும் சேர்த்துக் கட்டிப் பூட்டினீர்கள். "தாத்தா, நோபடி ஸ்டீல்ஸ் அன் ஆர்.வி." என்று அனு சிரித்தாள். நீங்கள் அவளையும் ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள்.

சூட்கேஸின் சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்தீர்கள்.

"நாலு நாளு லீவு போட்டு என்னைய ஊரு சுத்திக் காட்டுறான் உன் புருஷன். ஊருக்குப் போற நேரத்துல இதென்ன திடீர்ப் பாசம்? என்னமோ இருக்கு. இந்த வண்டியில நான் நம்புற ஆளு நீ ஒருத்திதான், பத்திரமா வையி."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றேன். இருந்தது.

அத்தை போன பிறகு நீங்கள் மதுரையில் தனியாக இருப்பது உங்கள் மகனுக்குப் பொறுக்கவில்லை. கிரீன் கார்டு அப்ளை பண்ணலாம், இங்கேயே இருந்துவிடுங்கள் என்று எத்தனை முறை கேட்டார்! "செத்தாலும் மதுரையிலதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டால் ஃப்ளைட் போய்விடும். விசா முடிவதற்குள் கிரீன் கார்டு பேப்பரைப் போட்டுவிடலாம். உங்களுக்கும் கோபம் ஆறிப் பழகிவிடும். பாஸ்போர்ட் அந்தச் சூட்கேஸில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. "நீ பெட்டியத் தொட்டா அப்பா சந்தேகப்பட மாட்டார், நீயே எடுத்துடு" என்றார். நல்லதற்குத்தானே என்று நானும் தலையாட்டினேன்.

இரண்டாவது முகாமில் நமக்குப் பக்கத்தில் ஒரு பழைய வேன் நின்றது. அதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், ஒரு கறுப்பு நாய். நாம் இறங்கிய பத்தாவது நிமிடம் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் புன்னகையோடு போனார்.

"சும்மா எதுக்கு விறகு குடுக்குறான்?" என்றீர்கள்.

"எனக்கும் அதான் தெரியல" என்றேன். விறகை நாம் தொடவே இல்லை. நீங்கள் அவருடைய வேன் நம்பரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். நாய்க்கும் ஒரு வரி எழுதியதாகப் பின்னால் அனு சொன்னாள்.

மறுநாள் காலையில்தான் அந்தக் கூத்து. ஒவ்வொரு முகாமிலிருந்தும் கிளம்பும்போது நீங்கள் வண்டிக்குப் பின்னால் போய்ச் சக்கரம், கதவு, குழாய் எல்லாம் பார்த்து, சங்கிலியை அவிழ்த்துவிட்டு, பச்சைத் துண்டை ஆட்டுவீர்கள். உங்கள் மகன் கண்ணாடியில் பச்சையைப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். அன்று குளித்துவிட்டு, துண்டைப் பிழிந்து படபடவென்று உதறினீர்கள். அவர் கண்ணாடியில் பார்த்தார். பச்சை ஆடியது. வண்டியை எடுத்துவிட்டார்.

சங்கிலி அறுபடவில்லை. அந்தப் பெருமை உங்களுக்கு இருக்கட்டும். ஏணிதான் மேல் பாதி பிய்ந்து, தூணோடு நின்றுவிட்டது. நீங்கள் ஈரத் துண்டோடு அப்படியே நின்றீர்கள். "கார்டா இருந்த காலத்துல ஒரு தடவகூட தப்பாக் கொடி காட்டுனதில்லையே" என்று நீங்கள் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. எனக்கு ஐயோ என்றிருந்தது.

நாய்க்காரர்தான் கருவிப் பெட்டியோடு ஓடிவந்தார். நீங்களும் உங்கள் மகனும் அவரும் சேர்ந்து ஏணியை மறுபடி முடுக்கினீர்கள். வேலை முடிந்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் நம் வண்டி நம்பர்! வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து இரும்புச் சங்கிலி கட்டுகிற ஆளைப் பார்த்து, என்னமோ தப்பு நடக்கிறது, வண்டிக்குள் யாரையோ அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். விறகு கொண்டுவந்ததே உள்ளே எட்டிப் பார்க்கத்தான். உங்கள் மகன் அதைத் தமிழில் சொன்னதும் நீங்கள் உள்ளே ஓடிப் போய்க் குறிப்பேட்டை எடுத்துவந்து, அவருடைய வேன் நம்பரைக் காட்டினீர்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு நீங்கள் மூவரும் அனுவும் அவருடைய வேனுக்குக் காபி குடிக்கப் போனீர்கள். போகும்போது உங்கள் மகன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

வண்டியில் நான் மட்டும் இருந்தேன். சூட்கேஸைத் திறந்தேன் மாமா. வேட்டிகளுக்கு அடியில் இருந்தது பாஸ்போர்ட். எடுத்து என் கைப்பையின் உள் ஜிப்பில் போட்டு மூடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் அவருக்குத் தமிழிலேயே ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கை ஒரு கொடியை ஆட்டுகிறது, வாய் விசிலடிக்கிறது. அந்த ஆறு மாதத்தில் என் வீட்டில் நீங்கள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டில் ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, நாங்கள் ஆபீஸிலிருந்து வருவதற்காகக் காத்திருப்பீர்கள். அவ்வளவுதான். இந்த மனிதரை அந்த ஹாலில் எத்தனை வருடம் உட்காரவைப்பது? ஜிப்பைத் திறந்தேன். பாஸ்போர்ட்டை எடுத்தேன். வேட்டிகளுக்கு அடியில் இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

"கிடைச்சுதா?" என்று உங்கள் மகன் கேட்டபோது, "அந்தச் சாவி சேரல" என்று பொய் சொன்னேன். அவர் நம்பினார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலச் சூட்கேஸிடம் குனிந்து பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சீலு சரியா இருக்கு" என்றீர்கள். தினமும் சொல்வதுதான். பூட்டைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த காட்சி சான் பிரான்சிஸ்கோ ஏர்போர்ட். கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னீர்கள்: "அம்மாடி, உன் பைய எடு. உள்ஜிப்பத் தொற."

அதே ஜிப். உள்ளே உங்கள் பாஸ்போர்ட் இருந்தது.

அன்றைக்கு நான் எடுத்ததை எங்கிருந்தோ பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு இத்தனை நாள் சும்மா இருந்து, இப்போது நாலு பேர் நடுவில் என்னைத் திருடியாக நிறுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். உங்கள் மகன் என்னைப் பார்த்த பார்வை அதைவிட மோசம். காரில் திரும்பும்போது, "உன்கிட்டயேதான் இருந்துதா? எங்க அப்பா இங்க இருக்கறது உனக்குப் பிடிக்கலன்னு நேரா சொல்லியிருக்கலாமே" என்றார். அது என் பைக்குள் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது என்று எவ்வளவு சொல்லியும் முழுதாக நம்பவில்லை. நம்புகிறவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் நம்மைவிட மோசம் மாமா.

அதன் பிறகு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீங்கள் "நல்லாருக்கியா அம்மாடி" என்பீர்கள். "இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு போனை அனுவிடம் நீட்டிவிடுவேன். அந்தக் குரலில் கேலி இருக்கிறதா என்று மட்டும் உற்றுக் கேட்பேன். கண்டுபிடிக்க முடிந்ததில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கவில்லை. போன ஆவணியில் நீங்கள் போய்விட்டீர்கள், நீங்கள் சொன்ன மாதிரியே மதுரையில்.

இன்று கராஜ் தரையில் உட்கார்ந்து குறிப்பேட்டைப் பிரித்தேன். ரயில்வே வழக்கப்படி எழுதியிருக்கிறீர்கள். முகாம் ஒன்று, வருகை 16.40, புறப்பாடு 9.15. அந்தப் பக்கத்திலேயே, "பெட்டி: ஜிப்பில் வெள்ளை நூல் சீல், இரண்டு முடிச்சு." சரக்குப் பெட்டிக் கதவுக்குச் சீல் வைக்கிற மாதிரி சூட்கேஸ் ஜிப்பில் நூல் கட்டியிருக்கிறீர்கள், நான் திறந்த அன்று அது என் கண்ணில் படவே இல்லை. முகாம் இரண்டில் வேன் நம்பர், "கறுப்பு நாய், கட்டப்படவில்லை." மறுநாள் தேதியில் ஏணி பற்றி, "கார்டின் தவறு." அதற்குக் கீழே இருந்ததை நாலைந்து முறை படித்தேன்.

"பெட்டி சீல் உடைந்துள்ளது. சாவி மருமகளிடம் மட்டும். பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. எடுக்க வந்து எடுக்கவில்லை. விசாரணை வேண்டாம்."

அடுத்த வரி: "பாஸ்போர்ட் மருமகள் கைப்பைக்கு மாற்றப்பட்டது. இதைவிடப் பத்திரமான இடம் இல்லை."

அவ்வளவுதான் மாமா. நான் பையில் போட்டது உங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் தேடிக் கண்டுபிடித்த பத்திரமான இடமும் நான் ஒளித்துவைத்த இடமும் ஒன்றாகப் போய்விட்டது. ஒரு வரியில் என் விசாரணையை மூடிவிட்டு, சீல் உடைந்தது தெரிந்தும் மறுநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "சீலு சரியா இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்கள். நான்தான் உங்கள்மேல் விசாரணையை இரண்டு வருடம் நடத்திக்கொண்டே இருந்தேன். நீங்கள் போன பிறகும் மூன்று மாதம் நடத்தியிருக்கிறேன்.

குறிப்பேட்டை உங்கள் மகனிடம் கொடுத்தேன். அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, "சாவி சேரலன்னு சொன்னியே" என்றார். "பொய் சொன்னேன்" என்றேன். அவர் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, நம்பினால் நம்புங்கள்.

நீங்கள் கொடுத்த சூட்கேஸ் மாற்றுச் சாவியை என் கைப்பையின் உள் ஜிப்பில் போட்டிருக்கிறேன். ஜிப்பில் ஒரு வெள்ளை நூலையும் கட்டிவிட்டேன், இரண்டு முடிச்சு. நாளைக் காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது குனிந்து பார்த்துவிட்டு, அனுவுக்கும் அவருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன், சீலு சரியா இருக்கு.