உப்பில்லாத அப்பம்

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு தட்டு பன் கருகிவிட்டது. அடுப்பில் குறையில்லை, என் கவனம்தான் அங்கே இல்லை. சண்டை தாங்காமல் போதகர் ஆராதனையை எட்டு மணி, பத்து மணி என்று பிரித்து இன்றோடு ஐந்து வாரம். எட்டு மணிக்காரர்களுக்கு நான் சுடும் முழு அப்பம். பத்து மணிக்காரர்களுக்குப் பாக்கெட்டில் வரும் வட்ட வில்லை. திருவிருந்துக்குப் பத்தொன்பது வருஷமாக அப்பம் சுடுகிறவன் நான். என் சகலை, மனைவியின் தங்கை புருஷன், பிரிப்பதற்கு முந்தின சபைக் கூட்டத்தில் எழுந்து, "துகளெல்லாம் கார்பெட்ல கொட்டுது, ஒயருக்குள்ள எறும்பு வருது. வில்லையே போதும்" என்கிறார்! எலக்ட்ரீஷியனுக்கு ஒயர்தான் தெரியும்.

நான் கொடுத்த பதிலை இங்கே எழுதப்போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

எழுதாமல் விடாது போலிருக்கிறது. "பொண்ணக் கட்டிக்கிட்டு இந்தச் சபைக்குள்ள வந்தவனுக்கெல்லாம் என்ன பேச்சு?" அத்தனை பேர் முன்னால் சொன்னேன். கொழுந்தியாள் எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் அதே வீட்டுப் பெண்ணைக் கட்டியவன்தான். ஆனால் நான் இந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவன் இல்லையா? ஆரம்பித்தது நானா, அவரா?

ஜூன் 14, சனி

ஜலதோஷம். நாக்கில் ருசியே இல்லை.

அக்காளும் தங்கையும் போனில் பேசுகிறார்கள். நான் வந்தால் மனைவி வைத்துவிடுகிறாள். என்னவாம் என்று கேட்டேன். "இருபத்தொன்பதாம் தேதி பத்து மணிக்காரங்க கூட்டம் போட்டுத் தனி மண்டபம் எடுக்கப் போறாங்களாம். சந்தோஷந்தானே உங்களுக்கு?"

போனால் போகட்டும் என்று கத்திவிட்டு மாவு பிசையப் போனேன். சபை இரண்டாக உடைகிறது, எனக்குச் சந்தோஷமா? ச்சே.

ஜூன் 15, ஞாயிறு

அப்பம் நல்ல பொன்னிறம். இரண்டு ஆராதனைக்கும் ஒலிபெருக்கி சகலை பொறுப்பு. பின்னால் உட்கார்ந்திருந்தவர், இன்று வரிசையில் கடைசியாக வந்து என் அப்பத்தை வாங்கிக்கொண்டார். வாயில் போட்டதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். நக்கலா? வெளியே நம் ஆட்கள் எல்லோரும் அப்பம் அருமை என்றார்கள். தபால்காரர் இரண்டு முறை சொன்னார்.

ஜூன் 17, செவ்வாய்

கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து சகலை வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை அப்பத்துல உப்பே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவ்வளவு கோபம் எங்கிருந்து வந்ததோ! பொறாமை பிடித்தவனே, வெளியே போ என்றேன். போய்விட்டார்.

பிறகு தேடினேன். சனிக்கிழமை அளந்து வைத்த உப்பு, கிண்ணத்தோடு, மாவு மூட்டைக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

தபால்காரருக்குப் போன் செய்தேன். "தெரிஞ்சுதுண்ணே. வெளிய சொன்னா பத்து மணிக்காரங்க சிரிப்பாங்கல்ல?" மனைவியிடம், நீயுமா என்றேன். "சொன்னா கேக்கிற நிலைமையிலயா இருந்தீங்க?"

ஜூன் 18, புதன்

அறுபது பேர் என் முகத்துக்குப் பயந்து உப்பில்லாததை விழுங்கியிருக்கிறார்கள். ஒருத்தன் உண்மை சொன்னான், அவனைத் துரத்திவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து அவர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். தம்பி என்று கூப்பிட வாய்வரை வந்தது. கூப்பிடவில்லை. சின்னவன்தானே முதலில் வர வேண்டும்? — வந்துதானே இருந்தான்! வீம்புடா உனக்கு, வீம்பு.

ஜூன் 29, ஞாயிறு

பத்து மணி ஆராதனைக்குப் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வில்லை வாங்கிக்கொண்டேன். காகிதம் தின்றது போல இருந்தது, சரி, அது கிடக்கட்டும். கூட்டம் தொடங்குமுன் போதகரிடம் கேட்டு எழுந்து நின்றேன்.

"அப்பத்துல உப்பு போட மறந்துட்டேன். என் சகலை வந்து சொன்னார், விரட்டிட்டேன். அதுக்கு முன்னாடி இதே இடத்துல அவரை அவமானப்படுத்தினேன். சபையை என் கடைன்னு நினைச்சுட்டேன். தம்பி, மன்னிச்சிருங்க. அப்பமோ வில்லையோ, எல்லாரும் சேர்ந்து சொல்றதைச் செய்யறேன். யாரும் போயிராதீங்க."

கேட்கவில்லை என்றார்கள் பின்வரிசைக்காரர்கள். சகலை எழுந்து வந்து மைக்கை என் கையில் கொடுத்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

மண்டபத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கொழுந்தியாள் மட்டும் அழுதாள்.

ஜூலை 6, ஞாயிறு

ஒன்பது மணிக்கு ஒரே ஆராதனை. இரண்டு குடும்பங்கள் வரவில்லை. நேற்று பரண்மேல் ஏறி, சபை முழுவதற்கும் அப்பம் சுடும் பெரிய அச்சைத் தேடி எடுத்தேன். அப்பமே இருக்கட்டும் என்று சொன்னது சகலைதானாம்.

திருவிருந்து மேசையின் கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தார். முடிந்ததும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, துகளை வெளியே கொண்டுபோய் உதறினோம்.

"உப்பு சரியா இருந்துதா?" என்றேன்.

"கொஞ்சம் தூக்கல், அண்ணே."

அடுத்த வாரம் கால் கரண்டி குறைக்க வேண்டும்.