எதிர்வீட்டுத் தூக்குச்சட்டி

செவ்வாய்க்கிழமை, இரவு

என் மனைவி செல்லம்மாள் கையில் கட்டுப் போட்டதிலிருந்து இரவுச் சமையல் என்னுடையது. நேற்று எதிர்வீட்டுச் சூசை ஒரு தூக்குச்சட்டியில் கத்தரிக்காய் கொத்சு கொடுத்தான். துவாக்குடியில் வேலை முடிந்து வந்து அரை மணியில் செய்தானாம். செல்லம்மாள் விரலைச் சப்பிச் சாப்பிட்டாள். என் சமையலை அவள் அப்படிச் சாப்பிட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

வாங்கிய சட்டியை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. இன்று சேமியா உப்புமா செய்து அதில் வைத்துக் கொடுக்க நினைத்தேன். சேமியா பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருந்த செய்முறையை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. முதலில் வறுக்க வேண்டுமாம். இத்தனை நாளும் வறுக்காமலே போட்டுக் களியாக்கியிருக்கிறேன்!

செல்லம்மாள் ஒரு வாய் சாப்பிட்டாள்.

"சூசைத் தம்பி சொல்லிக் கொடுத்துச்சா?"

"பாக்கெட்டு சொல்லிச்சு" என்றேன்.

சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் வைங்க" என்றாள். பிறகு மறுபடியும் கேட்டாள். வாணலியைச் சுரண்டி வைத்தேன்.

சூசைக்கு ஒன்றும் மிச்சமில்லை. சட்டியில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னண்ணே, இன்னிக்கு சமைக்கலையா?" என்றான்.

"சமைச்சேன் தம்பி. தீந்து போச்சு" என்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.