ஃபோர்வீல் போட்டால் நின்றுபோகும் ஜீப்

சிஸ்டர்,

நேற்று என் மகனுடைய காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற வண்டி. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, இப்போது கோளாறு ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வந்தால் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். எரிச்சலோடு வந்து சொன்னான். எனக்கு உங்கள் முகம்தான் முன்னால் வந்தது. நீங்கள் காலமாகி ஒரு மாதம் ஆகிறது என்பது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது. எழுத உட்காரத் தைரியம் வராமல் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

நான் ஓட்டிய நம் ஆஸ்பத்திரி ஜீப்புக்கும் இதே வியாதிதான். எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் எந்த மெக்கானிக்கிடம் விட்டாலும் சமத்தாக ஓடும். குருவிகுளம் பக்கம் கரிசலில் இறக்கி, ஃபோர்வீல் லீவரைப் பின்னால் இழுத்து, ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் பொசுக்கென்று நின்றுவிடும். மாடு கட்டி மேட்டுக்கு இழுத்துவிட்டால் உடனே ஸ்டார்ட் ஆகும். இரண்டு முறை அப்படி ஆனது. அதிகாரி நம்பவில்லை. கிராமத்துக்குப் போகச் சோம்பல்பட்டு நான் நாடகம் ஆடுவதாக மெமோ கொடுத்தார். இன்னொரு தடவை நின்றால் வேலை இருக்காது என்றார். எனக்கு நாலு பிள்ளைகள். கடைசிப் பயல் அப்போது கைக்குழந்தை.

மூன்றாவது தடவை நின்றபோது நீங்கள் வண்டியில் இருந்தீர்கள்.

ஐப்பசி மழை. தலைப்பிரசவத்துக்காரி ஒருத்தியைப் பின்னால் படுக்க வைத்து, அவளுடைய அக்காவும் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தீர்கள். அவள் புருஷன் என் பக்கத்தில். ஓடையின் நடுவில் சக்கரம் வழுக்கியது. வேறு வழியில்லாமல் லீவரை இழுத்தேன். பத்தடி போயிருப்போம், இடது முன்சக்கரம் இறங்கியது, எஞ்சின் செத்துவிட்டது. புருஷன்காரன் இறங்கி மாடு கொண்டுவர ஓடினான். ஓடைத் தண்ணீர் ஆக்சிலைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் அந்தப் பெண்ணின் முனகல், மேலே கித்தான் கூரையில் மழை. அவளைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் அழுதுவிட்டேன். நீங்கள் பார்த்தீர்கள்.

சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை நீங்கள். நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டீர்கள்.

“எப்பவும் இப்படி நிக்கா, இல்ல ஏதாச்சும் செய்யும்போது மட்டும் நிக்கா, அண்ணாச்சி?”

அதுவரை எந்த மெக்கானிக்கும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. லீவர் பின்னால் இருக்க வேண்டும், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி முறுக்கிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் எஞ்சின் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே பிடிபட்டது. இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். ஹார்ன் அடித்தது, பேட்டரியில் குறையில்லை. பிளக்கில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே ஒருவர் ஸ்டார்ட்டரை மிதித்து, லீவரை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். உங்களைக் கூப்பிட்டேன். அந்தப் பெண்ணின் வயிற்றில் கைவைத்துப் பார்த்துவிட்டு, அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு முன்சீட்டுக்கு வந்தீர்கள்.

லீவர் முன்னால் இருந்தால் பொறி வந்தது. பின்னால் இழுத்தால் இல்லை. வண்டித் தரையில் ஒட்டிக் கிடந்த மிதியடியை உரித்துப் பார்த்தேன். மழைக்குப் பயந்து யாரோ எப்போதோ பொறிக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலை எஞ்சின் பக்கமிருந்து உள்ளே மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து எஞ்சினுக்குப் போகிற வயர், லீவரின் அடிக்கம்பியை உரசிக்கொண்டு கிடந்தது. ஒரு விரல்கடை அளவுக்குத் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. வண்டி முறுக்கும்போது கம்பி அதில் போய் அழுந்தும். கரண்ட் அப்படியே இரும்பில் இறங்கிவிடும். உங்கள் பையிலிருந்த பிளாஸ்திரியைக் கிழித்துக் கொடுத்தீர்கள். சுற்றி, வயரை ஒதுக்கிக் கட்டினேன். முதல் மிதியிலேயே எஞ்சின் உறுமியது. மாட்டுக்குப் போனவனுக்குக் காத்திராமல் கிளம்பினேன். நாலு சக்கரமும் சேற்றைக் கடித்து ஏறின.

ஊர் எல்லை வருமுன்பே குழந்தை வண்டியில் பிறந்தது. அழவில்லை. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை நீங்கள் அதன் வாயில் ஊதிக்கொண்டே வந்தீர்கள். தாய் பிழைத்தாள். கொடி முன்பே இறுகிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் வாயால் சொன்னார். எழுதித் தரவில்லை.

அந்த வீட்டார் புகார் மனுக் கொடுத்தார்கள். விசாரணையில் நீங்கள் முதலில் எழுதிக் கொடுத்தது என்னைப் பற்றி. டிரைவர் மேல் தப்பில்லை, வயர்தான் என்று. பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வலியில் கிடந்தவளை விட்டுவிட்டு நர்ஸ் ஏன் முன்சீட்டுக்கு வந்தார், நீ கூப்பிட்டாயா என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றால் என் வேலை அன்றோடு போகும். அந்த அறையில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

“ஞாபகம் இல்ல, சார்,” என்றேன்.

நீங்களாகவே நோயாளியை விட்டு வந்ததாக எழுதி, உங்களைத் தூரத்து மாவட்டத்துக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உங்கள் டிரங்குப் பெட்டியை மேலே ஏற்றிவிட்டேன். நீங்கள்தான் ஜன்னல் வழியே பேசினீர்கள்.

“புள்ளகுட்டிக்காரர். வேற என்னத்தச் சொல்லிருப்பீய. போய்ட்டு வாரேன், அண்ணாச்சி.”

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். அதற்கப்புறம் நான் உங்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. பல வருஷம் கழித்து எனக்குப் பிரிவு உபசாரம் நடத்தி, ஒரு கரும்புள்ளிகூட இல்லாத சர்வீஸ் என்று மாலை போட்டார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது, சிஸ்டர். அந்தப் பெண் உங்கள் முந்தானையைப் பிடித்திருந்தாள். நீங்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு வந்தீர்கள். நான் கூப்பிட்டதால் வந்தீர்கள்.