துவைக்காத ஆறு சேலைகள்

ஜூன் 14, சனி

வெயில். காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. ஃபேர்லேண்ட்ஸில் மல்லிகா வீட்டு மாடியில் குவில்ட் (துண்டுத் துணிப் போர்வை) தைக்கும் குழுவின் கூட்டம். ஃபேன் ஓடவில்லை, வாய்கள் ஓடின.

வந்தது ஆறு பேர். தைத்தது இரண்டு பேர். மற்ற நாலும் போண்டா. போண்டா தின்ற கையைப் புடவையில் துடைத்துவிட்டு வெள்ளைத் துணியைத் தொடுகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள் நான். மனுஷர்கள் கையில் என்னென்ன இருக்கும் என்று தெரியும். போண்டா எனக்கு வேண்டாம் என்றேன். "அக்காவுக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு," என்று மல்லிகா சிரித்தாள். இருக்கட்டும்.

சரஸ்வதியின் மகள் கோகிலா திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தாள். சரஸ்வதி போய் நாற்பது நாள். குழுவிலேயே கைத்தையல் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் (என்னைத் தவிர). அவளுடைய சேலைகளை வெட்டி எல்லோருமாக ஒரு குவில்ட் தைக்கிறோம். ஆகஸ்டில் இங்கே நடக்கும் தையல் மிஷின் கண்காட்சியில் மாட்டி, முடிந்ததும் மகளிடம் கொடுப்பது. பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை, தனி ரூம். அம்மா சேலையைப் போர்த்திக்கொண்டு தூங்கட்டும். நல்ல யோசனை. மல்லிகாவுக்கு வந்த யோசனை என்பதுதான் உறுத்தல்.

ஆறு சேலை. ஒரு பழைய நைட்டிக்குள் சுருட்டி, நைட்டியின் கைகளையே முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். வீட்டில் ஒரு கட்டைப்பை கூடவா இல்லை?

"எதையும் துவைக்கலீங்க ஆன்ட்டி," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"பரவாயில்லம்மா. நான் பாத்துக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. கூச்சம், பாவம். செத்தவங்க துணியைத் துவைக்காமல் தூக்கிக்கொண்டு வருவாளா ஒருத்தி என்று எனக்கு உள்ளே குமட்டியது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 16, திங்கள்

துவைக்கும் நாள். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன், இன்று பாத்ரூம் என்னுடையது.

முதல் விதி இதுதான்: வெட்டும் முன் துவை. துவைக்காத துணி தைத்தபிறகு சுருங்கும், சாயம் விடும், பக்கத்துக் கட்டத்தையும் கெடுக்கும். போன வருஷம் கோயம்புத்தூர் கண்காட்சிக்கு வேன் பிடித்துப் போனோமே, அப்போது நடந்தது. எங்கள் குழு ரெஜினா துவைக்காமல் தைத்த சிவப்புக் கட்டம் மழையில் நனைந்து, போர்வையின் நடுவில் யாரையோ வெட்டிப் போட்டது மாதிரி. மிஷின் கம்பெனிக்காரர்கள் முன்னாலேயே அவளைக் கிழித்தேன். பவானி வரை அழுதுகொண்டு வந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதனால் இந்தத் தடவை ஆறையும் நானே துவைக்கிறேன் என்றேன். ரெஜினா விடவில்லை, இரண்டைப் பிடுங்கிக்கொண்டு அம்மாபேட்டைக்குப் போய்விட்டாள். மீதி நாலு:

மாம்பழக் கலர் சுங்குடி - கழுத்துப் பக்கம் அழுக்கு வரி. உப்புத் தண்ணீர் ஒரு மணி நேரம். இரண்டு அலசல்.
பச்சைக் காட்டன் - தைல நெடி. மூன்று அலசல், கடைசியில் எலுமிச்சை.
இளம்பிள்ளைச் சேலை, நீலம் - முந்தானையில் குழம்பு. இடுப்புச் சொருகலில் விபூதிப் பொட்டலம்! விபூதியைத் துளசிச் செடிக்குப் போட்டேன் (கோவிச்சுக்காதே சரசு, எங்கள் கிறிஸ்தவ வீட்டில் வேறு எங்கே போட).
ரோஸ் பூப்போட்டது - வியர்வை. கம்மென்று. தொடவே பிடிக்கவில்லை. நாலு அலசல்.

அவர் ஹாலிலிருந்து மூக்கை உறிஞ்சினார். "யார் துணி இது, பிலோ? நம்ம வீட்டு வாசமா இல்லையே."

"அதுக்குத்தான் துவைக்கிறேன்," என்றேன்.

நைட்டி எதற்கும் ஆகாது. நைந்து, கழுத்து கிழிந்து, கொக்கி தொங்குகிறது. துவைக்கிற சோப்புக்குக் கூடப் பெறாது. எண்ணெய் துடைக்க மிஷினுக்கு அடியில் போட்டேன்.

ஜூலை 5, சனி

குழு. மேகமூட்டம், மழை இல்லை. கட்டங்கள் வெட்டினோம். என் நாலு சேலையும் கஞ்சி போட்டுத் தேய்த்து மொடமொடவென்று. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள் (கையைக் கழுவச் சொன்ன பிறகு). "புதுத் துணி கெட்டுதுக்கா," என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. எழுதித்தான் வைப்போமே, சந்தோஷமாக இருந்தது.

சரஸ்வதி எப்போதும் எனக்கு இடப்பக்கம் உட்காருவாள். அந்த நாற்காலியில் மல்லிகா தன் கைப்பையை வைத்திருந்தாள். எடுத்துத் தரையில் வைத்தேன். திரும்ப வைத்தாள். திரும்ப எடுத்தேன். ஐம்பது தாண்டிய பெண்கள் நாங்கள்.

வம்பு இன்று: யார் மருமகள் சமைப்பதில்லை, எந்த மிஷின் கம்பெனி இலவச நூல் தரும், சரஸ்வதியிடம் அவள் வியாதியை எப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடைசிக் கட்டத்தைத் தைத்துக்கொண்டே பேசினார்கள், அவளுடைய பச்சைச் சேலையில் ஊசி குத்திக்கொண்டே. எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. வரவில்லை. சனிக்கிழமை வந்தால் கால் தானாக மல்லிகா வீட்டுக்குப் போகிறது, ஏன் என்று தெரியவில்லை.

ஜூலை 19, சனி

ஆடிக் காற்று. மாடி முழுக்கப் பஞ்சு பறந்து மூக்கு, காது, காபி எல்லாவற்றிலும். மேல் துணி, நடுப் பஞ்சு, அடித் துணி மூன்றையும் சேர்த்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டியாயிற்று. சுற்றி உட்கார்ந்து தைத்தோம். ரெஜினாவின் தையல் கோணல். சொன்னேன். தலையை ஆட்டினாள், இன்னும் கோணலாகத் தைத்தாள்.

மல்லிகா தன் பொட்டிக் துணிக்கடையின் பெயரை மூலையில் பெரிதாக எம்பிராய்டரி போட வேண்டுமாம். செத்தவள் சேலையில் விளம்பரமா என்று கேட்டேன். "அக்கா, எல்லாரும் பண்றதுதானே?" இதுதான் அவளுடைய வேதம். கடைசியில் அடிப்பக்கம், சின்னதாக. அது கூட எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

காலையில் கொத்தமல்லி வாங்க மறந்தேன். பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் கோகிலா போன். பெங்களூரிலிருந்து. ஆகஸ்ட் மூன்றாம் தேதி நேராகக் கண்காட்சிக்கே வந்து வாங்கிக்கொள்கிறாளாம். போர்வை எவ்வளவு பெரிசு, கனமா என்றெல்லாம் கேட்டாள். எல்லாம் சொன்னேன், பெருமையாகவே. அப்புறம் குரலைத் தணித்தாள்.

"ஆன்ட்டி, அம்மா வாசம் அப்படியே இருக்குதுங்களா? பீரோவுல இருந்ததை நான் எடுக்கலீங்க. கொடியிலயும் கட்டில் மேலயும் கட்டி அவுத்துப் போட்ட சீலையாப் பாத்துத்தானுங்க கொண்டாந்தேன். இங்க தூக்கமே வர்றதில்லீங்க."

நான் என்ன சொன்னேன்? "குக்கர் விசில் வருதும்மா, அப்புறம் பேசறேன்." குக்கர் அடுப்பிலேயே இல்லை.

எதையும் துவைக்கலீங்க. அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தாள். நான் பாத்துக்கறேன் என்றேன், அதற்குத்தான் கண் நிறைந்தாள். நாலு அலசல். எலுமிச்சை. கஞ்சி.

சாப்பிடவில்லை. பிரஷர் மாத்திரை அவர் வாங்கி வந்தார்.

ஜூலை 26, சனி

குழுவுக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் அம்மாபேட்டை. ரெஜினா ஒருத்திதான் கதி. அவள் எப்போது துவைத்திருக்கிறாள்? அவளுடைய சோம்பேறித்தனத்தை நம்பிப் போனேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

வீடு முழுக்கப் பூனை முடி. உட்கார ஒரு இடம் தேடி, கடைசியில் நின்றுகொண்டே கேட்டேன், அந்த ரெண்டு சேலையும் துவைத்தாயா என்று. பயந்துபோய்க் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சத்தியமா துவைச்சேன்க்கா. போன வருஷம் நீங்க திட்டுனதுல இருந்து எதையும் ஒரு தடவையோட விடறதில்ல, ரெண்டு தடவை. நீங்க நம்ப மாட்டீங்கன்னு வாசனை லிக்விட் கூட ஊத்துனேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு நல்ல வார்த்தைக்காக. "நல்லது," என்றேன். எட்டு வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் நல்லது. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு, டீ போட்டாள். டம்ளரில் ஒரு பூனை முடி. எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன். அருவருப்பு பூனை மேல் இல்லை.

ஜூலை 30, புதன்

இன்று ஓரம் அடித்து முடித்தால்தான் கண்காட்சிக்குக் கொடுக்க முடியும். மல்லிகா கொடுத்தனுப்பிய போர்வை நாலு நாளாக என் வீட்டில். மிஷின் கத்தியது. எண்ணெய் விட்டேன். துடைக்கக் கீழே கையை விட்டேன்.

நைட்டி.

ஆறு வாரமாக இதில்தான் எண்ணெய் துடைக்கிறேன். தரையில் உட்கார்ந்து முகத்துக்குக் கொண்டுபோனேன். முதலில் மிஷின் எண்ணெய். அப்புறம் இன்னும் கிட்டே. கை அக்குள் பக்கம் தைலம், விபூதி, சீயக்காய், வியர்வை. ஜூன் மாதம் எனக்குக் குமட்டிய அதே வாசம். சரஸ்வதி இடப்பக்கம் உட்கார்ந்து நூல் கோர்த்துக் கொடுக்கிறாள்.

எண்ணெய்க் கறையை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்கலாமே, பவுடர் போட்டால் போய்விடும் என்று எழுந்தேன். பாத்ரூம் வாசல் வரை போய்விட்டேன். சீ. இந்தப் புத்தியை எந்த வாளியில் ஊறப் போடுவது?

கவரில் கட்டி பீரோவில் வைத்தேன். கையைக் கழுவவில்லை. இட்லி அரிசி ஊறப் போட வேண்டும்.

ஆகஸ்ட் 2, சனி

கண்காட்சி முதல் நாள். ஐந்து ரோடு பக்கம் கல்யாண மண்டபம். ஐம்பது மிஷின் ஒரே நேரத்தில் ஓடுகிற இரைச்சல், பஜ்ஜி எண்ணெய்ப் புகை, மண்டபத்துக் கக்கூஸைப் பற்றி எழுத மாட்டேன். நம் போர்வை நடுச் சுவரில். வருகிறவர் போகிறவர் எல்லாம் பஜ்ஜிக் கையால் தடவுகிறார்கள். குச்சியோடு நிற்கலாமா என்று பார்த்தேன்.

"ஏனுங்க, இது கையில தெச்சதுங்களா?" என்று நாமக்கல் பக்கத்து அம்மா ஒருத்தர் அரை மணி நேரம் பார்த்தார். குழுத் தையலுக்கு முதல் பரிசு. மல்லிகா செல்ஃபி எடுத்தாள், பின்னால் என் முகம் பாதி. ரெஜினா எல்லோருக்கும் ஜிகர்தண்டா.

மதியம் மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்று யோசித்தேன். அவர் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து நேராக மண்டபம். பையில் நைட்டி.

பன்னிரண்டரைக்குக் கோகிலா வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு, முடி கலைந்து. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் சுவரிடம் போய்விட்டாள். மாம்பழக் கலரில் மூக்கை வைத்தாள். அப்புறம் பச்சை. அப்புறம் நீலம், ரோஸ். குனிந்து கீழ் வரிசை. ரெஜினாவின் கட்டங்களில் வெகுநேரம். பக்கத்து ஸ்டாலில் மிஷின் விற்கிற பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பினாள்.

"துவைச்சிட்டேம்மா," என்றேன். "எல்லாத்தையும். நாந்தான்." ரெஜினா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அவள் கையை அழுத்தினேன்.

"பாத்துக்கறேன்னு சொன்னீங்களேங்க."

சத்தம் போடவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். நான் எத்தனை பேரை எத்தனை சத்தம் போட்டிருக்கிறேன்.

கவரை நீட்டினேன். எண்ணெய் துடைச்சிருக்கேன் சாமி, மன்னிச்சுக்கோ என்றேன். சாமி என்று நான் யாரையும் கூப்பிடுவதில்லை, அது சரஸ்வதியின் வார்த்தை. பிரித்தாள். கொக்கியைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மைக்கில் லக்கி டிரா நம்பர் படித்தார்கள். நிமிர்ந்தபோது கன்னத்தில் கறுப்பாக எண்ணெய். துடைக்கவில்லை.

"இது போதுங்க. போர்வை நீங்களே வெச்சுக்குங்க."

நைட்டியைத் தோள்பையில் வைத்து, பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வாசல் வரை போனேன். டவுன் பஸ் ஏறிவிட்டாள்.

மல்லிகா பின்னாலேயே ஓடி வந்தாள். "என்னக்கா போயிட்டா? பரிசோட போட்டோ எடுக்கணுமே."

ஆகஸ்ட் 4, திங்கள்

வெயில். மல்லிகா போன்: நல்லதாப் போச்சு, போர்வை நம்மிடமே இருந்தால் டிசம்பரில் கோயம்புத்தூருக்குக் கொண்டு போகலாம். வைத்துவிட்டேன். திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை.

கோகிலாவுக்கு நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. ரெஜினாவிடம் உண்மையைச் சொன்னேன், அவள் மேல் தப்பில்லை என்று. அழுதாள். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்ப ஜன்னல் இல்லை.

கொத்தமல்லி, மிஷின் ஊசி 14 நம்பர், மாத்திரை.

மதியம் சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்தால் அவர் கட்டிலில். நான் மடித்து வைத்த போர்வையைப் பிரித்துக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார்.

"நல்லாருக்கு பிலோ," என்றார். "நம்ம வீட்டு வாசம்."