கோட்டைத் தாண்டிய குளம்பு

மெய்ஜி ஆண்டு 19 (1886), பிப்ரவரி 8

தம்பி தொராகிச்சிக்குப் பெரியம்மை. எனக்கு அம்மை குத்திய அன்று அவனுக்குக் காய்ச்சல். அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிட்டோம். அம்மா அவனுக்குச் சிவப்புக் கிமோனோ உடுத்தி, சிவப்புத் துணியில் திரை கட்டினாள். அம்மைச் சாமிக்குச் சிவப்புதான் பிடிக்கும்.

பிப்ரவரி 9

அப்பா படக்கடையிலிருந்து சிவப்புப் படம் வாங்கி வந்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டது. குதிரைமேல் ஒரு போர்வீரன். ஒரே நிறம்! அதற்குள் கவசம், புழுதி, குதிரையின் மூச்சு எல்லாம் எப்படி வந்தன? பிடரி மயிரில் மையே இல்லை. வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதுதான் காற்றில் பறக்கிறது! பின்னங்கால் ஒன்று ஓரக்கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது.

"படம் நோயத் துரத்தாதுன்னு எங்க வாத்தியார் சொன்னாரும்மா."

"உங்க வாத்தியாரா வந்து இவன் பக்கத்துல உட்காரப் போறாரு? கும்பிடுடி."

கும்பிட்டேன். சாமியையா, செதுக்கியவர் கையையா? தெரியவில்லை.

பிப்ரவரி 12

முகமெல்லாம் கொப்புளம்.

"அக்கா, குதிரைக்குப் பசிக்குதாம். என் கஞ்சிய அதுக்குக் குடு."

"நீ குடிச்சா அதுக்குப் போகும்டா."

இரண்டு வாய் குடித்தான்.

பிப்ரவரி 15

கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. ஐயோ, கண்ணு மட்டும் போயிடக் கூடாதே—

பிப்ரவரி 21

கண் திறந்தான். அம்மா படத்தை அவன் முன்னால் பிடித்தாள்.

"குதிரைக்கு எத்தன காலு, சொல்லுடா ராசா."

"உள்ளயா, வெளியயா? உள்ள மூணு. ஒண்ணு வெளிய ஓடிடுச்சு."

அப்பா வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்தினார்.

மார்ச் 5

அம்மை இறங்கியதும் படத்தை ஆற்றில் விட வேண்டும். நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கிளம்புற சாமியக் கையப் பிடிச்சு இழுப்பியா? நோயும் கூடவே தங்கிடும்டி."

வைக்கோல் தட்டில் செம்பயறுச் சோறும் படமும் வைத்து, சுமிதா ஆற்றில் நானே விட்டேன். தண்ணீர் ஏறியதும் வீரன் கரைந்தான், குதிரை கரைந்தது. பிடரி மட்டும் கடைசிவரை பறந்தது. கரைய அதில் மை இல்லையே!

வீட்டில் அம்மா தம்பியின் கன்னத்துத் தழும்புகளைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா. குதிரை என்மேல ஏறித்தானே ஓடிச்சு? குளம்பு பதிஞ்சிருக்கு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். மூக்கருகே ஒன்று, நல்ல ஆழம்.