டிரம்மர் ரயிலில் வருகிறாள்

ஜூன் 18

அன்புள்ள இடிக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதும் அண்ணன் ‘அன்புத் தங்கைக்கு’ என்று மரியாதையாக ஆரம்பித்தால் நீ பயந்துவிடுவாய். அதனால்தான் பழைய பட்டப்பெயர். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அப்புறம் விசாரிக்கிறேன். முதலில் விஷயத்தைக் கேள்.

வெள்ள நிவாரணத்துக்காக நகர மைதானத்தில் பெரிய கச்சேரி. ஆறு குழுக்கள். அதில் நம் குழுவும் ஒன்று! பணிமனையில் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தபோது சேதி வந்தது. எழுந்த வேகத்தில் மண்டையை இடித்துக்கொண்டேன், வீக்கம் இன்னும் வடியவில்லை. தேதி என்ன தெரியுமா? ஜூலை பதின்மூன்று!

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒத்திகை அறைக் காலண்டரில், இசை உலகில் அன்றன்று நடந்ததையெல்லாம் கட்டம் கட்டமாக எழுதிவைத்தவளே நீதான். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை. அதே ஜூலை பதின்மூன்றில்தான், பஞ்சத்தில் தவித்தவர்களுக்காக ஒரே நாளில் இரண்டு கண்டங்களில் கச்சேரி. ஒரு டிரம்மர் இந்தக் கரையில் மேடை ஏறினார், விமானம் பிடித்தார், அதே நாளில் அந்தக் கரையிலும் ஏறினார். டிவி முன்னால் நீ குதித்ததில் நாற்காலிக் கால் உடைந்ததே!

அவர் கடலையே தாண்டினார். உனக்கு நான்கு மணி நேர ரயில்தான். காலை ஷிப்ட் முடிந்ததும் ஏறிவிடு. எட்டு மணிக்கு நம் முறை. வருவாய்தானே?

உன் அண்ணன்

&nbsp;

ஜூன் 24

அன்பு அண்ணனுக்கு,

கடிதத்தைப் படித்ததும் கை பரபரத்தது. அதை மறைக்க மாட்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னையறியாமல் மேசையில் தாளம் போட்டுவிட்டேன். சோதனைக் குழாய்கள் எல்லாம் ஆடின. “என்னம்மா, நிலநடுக்கமா?” என்று எங்கள் டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. உன் ரிதம் மெஷினுக்கு, அந்தத் தாளப் பெட்டிக்கு, என்ன ஆயிற்று? செத்துப்போய்விட்டதா? பாட்டுப் பதிவன்று என் இடத்தில் அந்தப் பெட்டியை வைத்து, “இது ஒரு அடிகூடப் பிசகாது” என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். நான் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். டீ வேண்டுமா என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை. இப்போது அது மக்கர் செய்தால், நான் என்ன உன் ஸ்டெப்னி டயரா?

பாதிக் கதையைச் சொல்லி என்னை ஏமாற்றவும் பார்க்காதே. அக்கரையில் இறங்கியவர், பிரிந்துபோய் மறுபடி சேர்ந்த ஒரு பெரிய குழுவோடு வாசித்தார். சரியான ஒத்திகை இல்லை. பாட்டு ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம் போயிற்று. நானும் குச்சியைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. எனக்கும் அதே கதிதான்.

உன் மாப்பிள்ளை உன்னை விசாரித்தார். நான் விசாரிக்கவில்லை.

தங்கை

&nbsp;

ஜூலை 1

இடி,

மெஷின் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. அதுதான் தொல்லையே. போன மாதம் ஒரு விழாவில் ஜனங்கள் பல்லவியைக் கூடவே பாடினார்கள். இன்னொரு தடவை பாடட்டுமே என்று நான் நின்றேன். அது நிற்கவில்லை. நான் சரணத்தைப் பிடிப்பதற்குள் அது பாட்டையே முடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. நீ இருந்திருந்தால் என் தோளைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பாய்.

எனக்கு ஸ்டெப்னி வேண்டாம், என் தங்கச்சி வேண்டும்.

ஒத்திகைதானே குறை? வரும் ஞாயிறு காலை கிட்டாரோடு நானே அங்கே வருகிறேன். டிரம் இல்லாவிட்டால் என்ன, வீட்டில் பாத்திரம் பண்டம் இல்லையா? கதவைத் திறக்காவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்து பாடுவேன். மானம் போவது உனக்குத்தான்.

அண்ணன்

&nbsp;

ஜூலை 8

அன்பு அண்ணனுக்கு,

நீ கிளம்பிப் போய் ஒரு நாளாகியும் வீடு அடங்கவில்லை! கவிழ்த்துப் போட்ட துணி வாளி, இரண்டு தலையணை, ஒரு பிஸ்கட் டின். இவ்வளவுதான். ஆனால் மூன்றாவது பாட்டில் என் கைகளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரர், “அந்த வேகமான பாட்டை இன்னொரு வாட்டி வாசிங்க” என்று செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாரே! உன் மாப்பிள்ளை டின் நசுங்கிப்போயிற்று என்று புலம்புகிறார். குளிக்கும்போது பாடுவது என்னவோ நம் பாட்டைத்தான்.

பதின்மூன்று அன்று மதியம் என் இடத்துக்கு மாற்றாள் வந்ததும் ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பேன். மறுநாளும் வேலை இருப்பதால் ஒன்பது மணிக் கடைசி ரயிலில் திரும்பியாக வேண்டும். பிந்திவிட்டால் மெஷினைப் போட்டுக்கொள். கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம்தான் கோபித்துக்கொள்வேன்.

உன் இடி

&nbsp;

ஜூலை 14

அண்ணா,

நான் வந்தேன். முதலில் அதை நம்பு.

மாற்றாள் வர நேரமாகிவிட்டது. ரத்தம் கொடுக்கக் காத்திருந்தவர்களை விட்டுவிட்டு ஓட முடியவில்லை. அடுத்த ரயிலில்தான் ஏற முடிந்தது. எட்டேகாலுக்கு மைதான வாசலில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது.

“உள்ளே இடமில்லம்மா” என்றார் காவலாளி.

“நான்தாங்க டிரம்மர்.”

“சாயங்காலத்திலேருந்து நீங்க மூணாவது டிரம்மர்.”

அப்போது மைக்கில் உன் குரல் கேட்டது. “எங்க டிரம்மர் ரயில்ல வந்துட்டிருக்கா. அவ வர்ற வரைக்கும் நீங்கதான் தாளம்!” கூட்டத்தில் யாரோ கத்தினார், “மெஷின் இருக்குல்ல, அதைப் போடுப்பா!” நீ சொன்னாய், “இருக்கு. போட மாட்டேன். அது என் தங்கச்சி இடம்.”

கம்பி வழியாகப் பார்த்தேன். டிரம் மேல் விளக்கு எரிந்தது. பின்னால் யாரும் இல்லை. அத்தனை ஜனமும் இஷ்டத்துக்குக் கைதட்ட, நீ பாடியபடி அந்தத் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாய். பல்லவியைத் தவறவிட்டாய், வரிகளை மறந்தாய். சிலர் சிரித்தார்கள். நீ விடவில்லை. காவலாளி என் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தார். “அந்தத் தங்கச்சி நீங்களா?” என்று கதவைத் திறந்துவிட்டார்.

கூட்டத்தில் முட்டி மோதி மேடை வரை வந்தபோது அடுத்த குழு ஏறிவிட்டது. மேடைக்குப் பின்னால் உன்னைத் தேடினேன், கத்திக் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. கடைசி ரயிலுக்கு ஓடினேன்.

வழியெல்லாம் அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என்னமோ ஏதோ என்று பயந்து தண்ணீர் கொடுத்தார். “எங்கண்ணன் பாடினாரும்மா” என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் உன் மானம் தப்பியிருக்கும். நீ அமுக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ரயிலில் நான் அங்கே வருகிறேன், வீட்டில் இரு. எனக்காக இத்தனை மோசமாக யாரும் பாடியதே இல்லை, அண்ணா.

உன் தங்கை