பிள்ளையார் கோயில்தோறும் நின்ற கார்

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா பொன்னியம்மாள் எழுதுவது, இங்கே செவிலிமேட்டில் நானும் உன் தங்கை நதியாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்க ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், உன் குரலைக் கேட்டு எனக்கும் அழுகை வந்து சொல்ல வந்தது நின்றுபோகிறது, அதனால்தான் எழுதுகிறேன், நதியா படம் பிடித்து அனுப்புவாள்.

கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போன நம்ம கார் நடுத்தெருவில் நின்றது உன்னால் இல்லைப்பா. பேட்டரிக்குக் கரண்டு விடுகிற கட்டவுட் என்று நீ வாங்கி அனுப்பினதை, அப்பாவுக்கு அப்புறம் வண்டி ஓட்டுகிற மாணிக்கவேல் மாமா சரியாகத்தான் மாட்டினார். மாப்பிள்ளை ஊர்வலம் ராஜவீதி திரும்பும்போதே விளக்கெல்லாம் மங்கி வண்டியும் அணைந்துவிட்டது. மெதுவாகப் போனால் உள்ளே பாயிண்டு ஒட்டவே மாட்டேன் என்கிறதாம். முன்னே அனுப்பின, வண்டியைக் கிளப்புகிற செல்ப் சுவிட்சும் அப்படித்தான், மேலே பளபளப்பு, உள்ளே சத்தில்லை. நடுவழியில் மாப்பிள்ளையை இறக்கக்கூடாது என்று அவர் சிநேகிதர்களே மண்டபம் வரைக்கும் தள்ளினார்கள். பெண்வீட்டுக்காரர் ஒருத்தர், "இன்னாபா, மாப்பிள்ளையை காரு இட்டுக்கினு போவுதா, காரை நீங்க இட்டுக்கினு போறீங்களா" என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்பா இருந்திருந்தால் நின்றிருக்காது என்று சொன்னாயே, அவர் காலத்திலும் புதுச் சாமான் கழுத்தைத்தான் அறுத்தது. மேல்கூரையை எடுத்து அந்தப் பழைய காரை ஊர்வல வண்டியாக்கின நாளிலிருந்து எதையும் அவர் நம்பினதில்லை. ஆள் நடக்கிற வேகத்தில் சார்ஜ் ஏறாது, அதனால் வழியில் பிள்ளையார் கோயில் வந்தால் நிறுத்தி, சூடம் காட்டச் சொல்லிவிட்டு, மேளச் சத்தத்தில் யாருக்கும் தெரியாமல் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பார். காசிநாதனுக்கு எவ்வளவு பக்தி என்று ஊரே சொல்லும், வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். மாணிக்கவேல் மாமாவும் பக்தி என்றுதான் நினைத்திருந்தாராம், இப்போது சொன்னதும் சிரித்தார், அப்புறம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு கட்டவுட் ஆர்டர் போட்டிருக்கிறாய் என்று நதியா சொன்னாள். அதோடு நிறுத்திக்கொள் கண்ணு. லீவு தரவில்லை, அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை, அதற்கு நீ என்ன செய்வாய். அதற்காக காருக்குச் சாமான் அனுப்பி அனுப்பி நீ ஈடு கட்ட வேண்டாம். வருஷத் திதிக்கு வரப்பார், அப்போதும் விடவில்லை என்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவருக்கும் இருக்காது.

வெயிலில் வேலை பார்க்கும்போது தண்ணீர் குடிக்க மறக்காதே, நூறு வயசு நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அம்மா பொன்னியம்மாள்